ஃபார்மட் போடும் முன்

புதுச்சேரி சேதராப்பட்டில் கணினி சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். இந்தத் தொழிலில் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழியில் பிறந்த ஷிவ் நாடார் 1976-ல் நண்பர்களோடு தொடங்கிய ஹெச்சிஎல் குழுமத்தின் கணினி ஆலைகளில் ஒன்று சேதராப்பட்டில்தான் இயங்கியது. லெனோவோ இன்றும் புதுச்சேரியில் கணினி தயாரிக்கிறது.

நம் தொழிற்பேட்டையில் ஒரு கணினி நின்றால் அதோடு பலதும் நிற்கும். மயிலம் சாலையில் கொஞ்ச தூரம் போனாலே தமிழ்நாட்டு எல்லை வந்துவிடுகிறது. 2018 ஏப்ரல் 1 முதல், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநில எல்லையைத் தாண்ட இ-வே பில் வேண்டும். பில் போடும் கணினி எழவில்லை என்றால் லோடு ஏற்றிய லாரி கேட்டிலேயே நிற்கும். அந்த நேரத்தில் முதலாளி, மேனேஜர், டிரைவர் எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பதற்றத்தில் பல இளைஞர்கள் சொல்லும் முதல் வார்த்தை, “ஃபார்மட் போட்டுடலாம் சார்.” அந்த வார்த்தை வாயில் வருவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கை வைக்கும் முன் கேளுங்கள்.

கடைசியாக எப்போது நன்றாக ஓடியது? அதன் பிறகு என்ன மாறியது? புது பிரின்டர் மாட்டினார்களா, மேசையை நகர்த்தினார்களா, கரன்ட் போய் வந்ததா, ராத்திரி அப்டேட் ஏறியதா? ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் காரணமில்லாமல் நிற்பதில்லை. “ஓடலை” என்ற ஒரே சொல்லுக்குள் பத்து விதமான பழுது இருக்கும். ஃபேன் சுற்றுகிறதா, திரையில் ஏதாவது எழுத்து வருகிறதா, விண்டோஸ் லோகோ வரை போகிறதா, பாஸ்வேர்டு போட்ட பிறகு நிற்கிறதா என்று பிரித்துக் கேளுங்கள். பிழைச் செய்தி வந்தால் அதை மூடும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. இயந்திரத்தை விட அதில் இருக்கும் தரவு பெரியது.

ஹார்ட் டிஸ்க் கடையில் கிடைக்கும். ஐந்து வருட டேலி கணக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. எனவே பழுது பார்க்கும் முன் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். டிஸ்க் தன்னைத் தானே கண்காணித்து எழுதி வைக்கும் ஸ்மார்ட் விவரங்களை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசக் கருவி காட்டும். அதில் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களோ, ஒதுக்கக் காத்திருக்கும் செக்டர்களோ ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கின் நாட்கள் எண்ணப்படுகின்றன. அத்தகைய டிஸ்க்கில் முதல் வேலையாக செக் டிஸ்க் ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கை நெடுநேரம் படித்து, திருத்தியும் எழுதும். சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த உழைப்பிலேயே போய்விடலாம். முதலில் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பிறகுதான் மற்றது.

லேப்டாப்பில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. புதிய விண்டோஸில், பயனர் அறியாமலேயே டிஸ்க் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கக்கூடும். பயாஸ் அமைப்பை மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பெரும்பாலும் அந்தச் சாவி உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்குக்குள் நுழையவே முடியாமல் போனால் தரவும் போனதுதான். ஆகவே பயாஸுக்குள் நுழையும் முன் சாவியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. சோதனையைச் சுவரிலிருந்து தொடங்குங்கள்.

ஒரே ஷெட்டில் வெல்டிங் மெஷினும் மோட்டாரும் கணினியும் ஓடுகின்றன. கனமான மோட்டார் எடுக்கும்போது மின்னழுத்தம் சரியும். கணினி ரீஸ்டார்ட் ஆகிறது என்று புகார் வந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். ப்ளக் பாயின்ட்டில் 230 வோல்ட்டுக்கு அருகே வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அங்கே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும் இடத்தில் எந்த மதர்போர்டும் நீடிக்காது.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே இறங்கக்கூடாது, 12.6-க்கு மேலே ஏறக்கூடாது. 5 வோல்ட் லைனுக்கு 4.75 முதல் 5.25 வரை எல்லை. சும்மா இருக்கும்போது அளந்து திருப்திப்படாதீர்கள். சிஸ்டம் வேலை செய்யும்போது அளந்தால்தான் பலவீனம் தெரியும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு வரிசையாக இருந்தால், கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றிருக்கிறது என்று பொருள். மின்சாரம், எஸ்எம்பிஎஸ், சூடு ஆகிய மூன்றையும் அங்கே சந்தேகப்படுங்கள்.

4. டிஸ்ப்ளே வரவில்லை என்றால் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

எல்லா யூஎஸ்பி சாதனங்களையும், தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதையும், ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றுங்கள். மதர்போர்டு, பிராசசர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் போதும். பிராசசரில் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் இல்லாத சிஸ்டம் என்றால் கார்டு இருக்க வேண்டும். ரேமைக் கழற்றி அதன் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, தூசியை நீக்கி மாட்டினாலே நம் கடலோரக் காற்றில் கறுத்துப்போன பல சிஸ்டங்கள் எழுந்துவிடும். பீப் சத்தத்தை எண்ணுங்கள். மதர்போர்டில் மேல்பகுதி உப்பிய கப்பாசிட்டர்கள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குறைந்த பாகங்களோடு சிஸ்டம் எழுந்தால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மாட்டி வாருங்கள். எதை மாட்டும்போது நிற்கிறதோ அங்கேதான் பழுது.

5. தேதியைப் பாருங்கள்.

ஜிஎஸ்டி தளம் திறக்கவில்லை, வங்கித் தளம் பாதுகாப்பற்றது என்கிறது, நெட் மட்டும் வருகிறது என்ற புகாருக்கு, திரையின் வலது மூலையில் தேதி என்ன என்று முதலில் பாருங்கள். சிமாஸ் பேட்டரி தீர்ந்தால் சிஸ்டம் பல வருடம் பின்னே போய்விடும். இணையத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் தேதி அதற்குள் வராவிட்டால் பிரவுசர் தளத்தை மறுக்கும். 2032 என்று எண் பொறித்த 3 வோல்ட் வட்ட பேட்டரி ஒன்றை மாற்றினால் முடிகிற வேலை இது.

6. ஷட்டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு.

விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கினால், ஷட்டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்பி வரும். டிரைவர் குழம்பியிருந்தால் குழப்பமும் திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். “தினமும் ஆஃப் பண்ணித்தான் ஆன் பண்றோம்” என்று சொல்பவரிடம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லுங்கள்.

7. குற்றவாளி விண்டோஸா, ஹார்ட்வேரா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நம் வேலையின் பாதி இதுதான். பயாஸ் திரையில் சும்மா பத்து நிமிடம் நிற்க விடுங்கள். அங்கேயே ஹேங் ஆனால் விண்டோஸ் மீது பழியில்லை. அது இன்னும் ஏறவே இல்லை. பயாஸில் நன்றாக நின்றால், பென்டிரைவிலிருந்து ஒரு லினக்ஸை ஏற்றிப் பாருங்கள். நம் நாட்டில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆனாலும் சரி, உபுன்டு ஆனாலும் சரி. அதில் வைஃபை, ஒலி, திரை எல்லாம் சரியாக வந்தால் ஹார்ட்வேர் பெரும்பாலும் நலமாக இருக்கிறது. விண்டோஸ் பக்கம் திரும்பலாம். லினக்ஸிலும் அதே கோளாறு என்றால் ஃபார்மட் போட்டு ஒரு பயனும் இல்லை.

விண்டோஸ் பக்கம் வந்ததும் சேஃப் மோடில் ஏற்றுங்கள். ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அங்கே போகும் வழி திறக்கும். சேஃப் மோடில் அடிப்படை டிரைவர்கள் மட்டும்தான் ஏறும். அங்கே ஒழுங்காக ஓடி, வழக்கமான முறையில் தடுமாறினால் பிறகு ஏற்றிய ஏதோ ஒரு டிரைவரோ மென்பொருளோதான் காரணம். ரேம் மீது சந்தேகம் இருந்தால் மெம்டெஸ்ட் 86-ஐ இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம்.

8. டிவைஸ் மேனேஜரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

மஞ்சள் முக்கோணத்தைக் கண்டதும் பயப்படாதீர்கள். அதை இரண்டு முறை கிளிக் செய்தால் ஒரு எண் இருக்கும். 28 என்றால் டிரைவரே ஏற்றப்படவில்லை. 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. 43 என்றால் சாதனமே தனக்குக் கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. கேபிளையும் ஹார்ட்வேரையும் அங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர் தெரியாத சாதனம் என்றால் டீட்டெய்ல்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடி இருக்கும். அதன் முதல் எண் தயாரிப்பாளரைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல்; 1002 என்றால் ஏஎம்டி கிராஃபிக்ஸ். எண்ணை வைத்துத் தேடினால் சரியான டிரைவர் கிடைக்கும், யூகிக்க வேண்டியதில்லை.

நம் பேட்டையில் அதிகம் தொந்தரவு தருவது யூஎஸ்பி-சீரியல் கேபிள். எடை மேடை, பழைய சிஎன்சி, பிஎல்சி எல்லாம் இன்னும் சீரியல் போர்ட்டில்தான் பேசுகின்றன. புரோலிஃபிக் நிறுவனத்தின் பழைய சில்லு உள்ள கேபிளையும், அதைப் போலச் செய்த போலிகளையும் அந்த நிறுவனத்தின் புதிய டிரைவர் ஏற்க மறுக்கும். நேற்று வரை ஓடிய கேபிள் விண்டோஸ் மாற்றியதும் பிழை எண் 10 காட்டும். விண்டோஸ் 11-ல், இந்தச் சில்லு 2012-லேயே நிறுத்தப்பட்டது என்று சாதனப் பெயர் வரும் இடத்திலேயே எழுதிக் காட்டும். 2014-ல், இதே போன்ற சில்லு செய்யும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலிச் சில்லுகளின் அடையாள எண்ணையே அழித்து அவற்றைச் செயலிழக்க வைத்தது. ஆகவே எடை மேடைக்கு மலிவான கேபிள் வாங்கிக் கொடுக்காதீர்கள். கேபிளை வேறு யூஎஸ்பி துளையில் மாற்றிச் செருகினால் காம் போர்ட் எண்ணும் மாறலாம்; எடை வரவில்லை என்ற புகாரில் பாதி இப்படித்தான். டிவைஸ் மேனேஜரில் பழைய எண்ணையே கொடுத்துவிட்டு, அந்தத் துளையின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வாருங்கள்.

9. டிரைவரை அதைச் செய்தவரிடமிருந்தே வாங்குங்கள்.

லேப்டாப்பின் அடியில் சீரியல் எண் இருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அதைக் கொடுத்தால் அந்த மாடலுக்கான டிரைவர்கள் மட்டும் வரும். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் கருவிகளைத் தொடாதீர்கள். தவறான டிரைவரையும் வேண்டாத மென்பொருளையும் அவை சேர்த்தே இறக்கும். நன்றாக ஓடும் டிரைவரைப் புதுசு வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். மாற்றிய பிறகு கெட்டுப்போனால் ரோல் பேக் டிரைவர் பொத்தான் பழையதைத் திருப்பித் தரும்.

ஒவ்வொரு மாடலின் டிரைவர்களையும் உங்கள் டிஸ்க்கில் அடுக்கிச் சேமியுங்கள். ஹெச்சிஎல் 2013-ல் கணினி தயாரிப்பிலிருந்து விலகும் முடிவை அறிவித்தது. அவர்கள் செய்த பீன்ஸ்டாக் கணினிகள் அதற்குப் பிறகும் அலுவலகங்களில் ஓடின. கம்பெனி ஒரு பொருளைக் கைவிட்டாலும் வாடிக்கையாளர் கைவிடுவதில்லை. அப்போது கை கொடுப்பது நீங்கள் சேமித்து வைத்ததுதான்.

10. எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால் உடனே மாற்றச் சொல்லாதீர்கள்.

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு பயாஸில் இயக்கப்பட்டே வருகிறது. விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கும். இன்டெல்லின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் வைத்துக் காட்டினால் எஸ்எஸ்டி உடனே தோன்றும். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் சிஸ்டத்தில் இந்த அமைப்பை மாற்றினால், பூட் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்ற நீலத் திரை வரும். பழைய அமைப்புக்கே திருப்பினால் சரியாகிவிடும். இந்த இரண்டும் தெரியாததால் நல்ல எஸ்எஸ்டிகள் குப்பைக்குப் போகின்றன.

11. நீலத் திரை ஒரு வாக்குமூலம், அதை வாசியுங்கள்.

அதில் ஸ்டாப் கோடு இருக்கும். சில நேரம் எந்தக் கோப்பு தவறியது என்ற பெயரும் இருக்கும். விண்டோஸ் ஒரு சிறு மெமரி டம்ப்பையும் சேமித்து வைக்கும்.

2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை பெரிய முடக்கத்துக்கும் தீர்வு, சேஃப் மோடில் ஏறி டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் 291 என்ற எண் கொண்ட ஒரு கோப்பை நீக்குவதுதான். காரணம் தெரிந்தவருக்குச் சில நிமிட வேலை. பிட்லாக்கர் சாவியை எழுதி வைக்காதவர்களுக்குச் சில நாள் வேலை. அன்று ஃபார்மட் போட்டவர்கள் தரவையும் நேரத்தையும் வீணாகத் தொலைத்தார்கள்.

12. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொன்றையும் எழுதுங்கள்.

ரேமையும் மாற்றி, டிரைவரையும் மாற்றி, அப்டேட்டையும் நீக்கிவிட்டுச் சிஸ்டம் ஓடினால் எதனால் ஓடியது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த வாரம் அதே பழுது வரும்போது வெறும் கையோடு நிற்பீர்கள். 2021 செப்டம்பரில் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நெட்வொர்க்கில் பகிர்ந்த பிரின்டர்கள் 11பி என்று முடியும் பிழை எண்ணோடு நின்றன. விண்டோஸின் பிரின்ட் வசதியில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் எடுத்த நடவடிக்கைகளின் தொடர்ச்சி அது. பலர் அப்டேட்டையே நீக்கினார்கள். பிரின்டர் ஓடியது, ஓட்டையும் திறந்தது. பிரின்டரை அதன் ஐபி முகவரி வழியாக ஒவ்வொரு கணினியிலும் நேரடியாக நிறுவியவர்கள் இரண்டையும் காத்தார்கள். காரணத்தை எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால்தான் இப்படிப்பட்ட வித்தியாசம் புரியும்.

13. பழைய இயந்திரத்தோடு இருக்கும் பழைய விண்டோஸைத் தனியே பாதுகாக்கவும்.

லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சிஎன்சியின் மென்பொருள் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும் என்றால் அதை மாற்றச் சொல்வது அறிவல்ல. ஆனால் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரி 14-லும் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 2017 மே 12-ல் வான்னாக்ரை என்ற வைரஸ் பரவியபோது, அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கான மருந்து, ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. போடாதவர்கள்தான் அடி வாங்கினார்கள். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சில்லு ஆலைகளே அதன் ஒரு வகையால் நின்றன. புதிதாக வந்த ஒரு இயந்திரத்தை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்ததுதான் காரணம்.

எனவே பழைய கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள். அதில் செருகும் பென்டிரைவை முதலில் வேறு கணினியில் ஸ்கேன் செய்யுங்கள். அதன் டிஸ்க் முழுவதையும் அப்படியே குளோன் எடுத்து, உதிரி டிஸ்க் ஒன்றைப் பெயர் எழுதி அலமாரியில் வையுங்கள்.

14. நனைந்த கணினியை ஆன் செய்யாதீர்கள்.

2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று புயல்கள் நம் கரையில்தான் ஏறுகின்றன. தண்ணீரால் மட்டும் போர்டு சாவதில்லை. ஈரத்தோடு கரன்ட் பாயும்போதுதான் சாகிறது. பேட்டரியைக் கழற்றுங்கள், டிஸ்க்கை எடுத்துத் தனியே வையுங்கள், சேற்றை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், முழுக்கக் காய விடுங்கள். வெள்ளத்துக்குள் மூழ்கிய ஹார்ட் டிஸ்க்கில் முக்கியத் தரவு இருந்தால் நீங்கள் மின்சாரம் கொடுக்காதீர்கள்; தரவு மீட்கும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அக்டோபர் பிறக்கும் முன் கேபினெட்டைத் தரையிலிருந்து தூக்கி வைக்கச் சொல்வதும் உங்கள் கடமை.

15. உங்கள் கைக்கு வருவது ஒரு குடும்பத்தின் வாழ்க்கை.

ஆதார் நகல், பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் படம் எல்லாம் அந்த டிஸ்க்கில் இருக்கும். வேலைக்குத் தேவையில்லாத ஃபோல்டரைத் திறக்காதீர்கள். பாஸ்வேர்டை உரிமையாளரையே அடிக்கச் சொல்லுங்கள். கிராக் போட்ட விண்டோஸை ஏற்றாதீர்கள். ஆக்டிவேட் செய்யும் அந்தக் கருவிகளின் வழியே வைரஸ் நுழைகிறது, பிறகு பழி உங்கள் மேல் விழும். ரேமைத் துடைத்து மாட்டியதற்கு மதர்போர்டு மாற்றியதாகப் பில் போடாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடமே கொடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஃபார்மட்தான் வழி என்றால் தயங்காமல் போடுங்கள். அப்போது தரவு வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், டிரைவர்கள் கையில் இருக்கும், பழுதின் காரணம் நோட்டில் இருக்கும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பொத்தானில் கை வைக்காதீர்கள். இன்றே ஒரு நோட்டு வாங்கி, நாளை பார்க்கப்போகும் முதல் பழுதிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.